பழைய டிராக்டர் சீட்டைப் பிரித்துக் கட்டுவது: பின், புஷ், ஸ்பிரிங், ஷாக், குஷன்

நாலுகொழு எழுதியது:

வணக்கம். வீட்டில் தாத்தா காலம் தொட்டு ஓடும் 35 எச்பி டிராக்டர். எஞ்சினும் கியர்பாக்ஸும் திடமாக இருக்கின்றன. சீட்டுதான் உட்கார முடியாத நிலைக்கு வந்துவிட்டது. புதுச் சீட்டு வாங்கி மாட்டுவதைவிட இருப்பதையே ஒழுங்காகக் கட்ட வேண்டும் என்பது விருப்பம். கிளட்ச், பிரேக் மிதிக்கும் ஸ்டியரிங்குக்கும் இதன் உயரம்தான் சரியாக அமைந்திருக்கிறது.

அமைப்பு இது: கீழே தகட்டு பேஸ், மேலே சீட்டுத் தட்டு, இரண்டையும் இணைக்கும் மேல் ஜோடி, கீழ் ஜோடி ஆர்ம்கள். ஏறி இறங்கும்போது தட்டு மட்டமாகவே நிற்கும் வகை. முதுகுப் பக்கம் இரண்டு இழுவை ஸ்பிரிங். நடுவில் ஷாக் அப்சார்பர் இருந்த இடத்தில் இப்போது பிராக்கெட் மட்டும் மிச்சம். ஆள் எடைக்கு ஏற்பத் திருகும் குமிழ் துருப்பிடித்து இறுகிவிட்டது.

கோளாறுகள்: 80 கிலோ ஆள் உட்கார்ந்தாலே பாதிக்கு மேல் இறங்கிவிடுகிறது. வரப்பு தாண்டினால் அடியில் இரும்போடு இரும்பு மோதுகிறது. சீட்டு இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. முதுகுச் சாய்வைப் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் இரண்டு விரல் அகலம் ஆடுகிறது. இடது ஸ்பிரிங் என்றோ உடைந்து, அந்த இடத்தில் வேறு ஏதோ ஸ்பிரிங்கைச் சங்கிலிக் கண்ணி சேர்த்து மாட்டியிருக்கிறார்கள். இடது கீழ் ஆர்மில் பின் போகும் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்துவிட்டது. குஷனில் ஸ்பாஞ்சு மாவாக உதிர்கிறது.

எதில் ஆரம்பிப்பது? ஸ்பிரிங்கை எந்த அளவு சொல்லிச் செய்யச் சொல்வது? மோட்டார் சைக்கிள் பின்சக்கர ஷாக் ஒன்று கையில் இருக்கிறது, அதைப் போடலாமா?

பட்டறைக்கை எழுதியது:

முதலில் பின்னும் புஷ்ஷும் (பின் சுழல உட்காரும் குழல்). அப்புறம் ஸ்பிரிங், அதற்கப்புறம் ஷாக், கடைசியில்தான் குஷன். ரெக்சின் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் அங்கே ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆர்மில் ஆட்டம் இருக்கும்போது புது ஷாக் மாட்டினால் சின்னச் சின்ன குலுக்கல் எல்லாம் அந்த ஆட்டத்திலேயே போய்விடும், ஷாக் வேலையே செய்யாது. ஸ்பிரிங்கின் இழுப்பும் கோணலாக வந்து கொக்கியை மறுபடி உடைக்கும்.

சீட்டை டிராக்டரிலிருந்து முழுதாக இறக்கிவிடுங்கள். டேங்க், வயரிங், ஆல்டர்னேட்டர் எல்லாம் பக்கத்தில் இருக்க, வண்டியின் மேல் வைத்தே வெல்டிங் அடிக்க வேண்டாம். இறக்குவதற்கு முன் ஸ்பிரிங்கைக் கழற்றிக்கொள்வது சுலபம், காரணம் அழுத்த ஒரு ஆள் எடை வேண்டும். குமிழ் திரும்பாத நிலையில் ஸ்பிரிங்கைக் கழற்ற வழி இதுதான்: ஒருவர் சீட்டில் உட்காரட்டும். சுருள்கள் விரியும். விரிந்த இடைவெளிகளில் 1.5 மி.மீ. கனமுள்ள வாஷர்களை, ஒன்று இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிச் செருகுங்கள். பத்து வாஷர் போனால் ஸ்பிரிங் சுமார் 15 மி.மீ. நீண்டபடியே நிற்கும். ஆள் எழுந்து சீட்டு மேலே போனதும் கொக்கி தளர்ந்து கையோடு வரும். ஸ்குரூடிரைவரால் நெம்பிக் கழற்றப் போனால் கொக்கி முகத்துக்கு வரும். வாஷரை எடுக்கும்போதும் அவை தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

குமிழ்: ஸ்பாஞ்சையும் ரெக்சினையும் முதலில் அகற்றுங்கள், அது தீப்பிடித்தால் வரும் புகை விஷம். பிறகு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊற வையுங்கள். திருகுத் தண்டைச் சூடாக்காமல் நட்டை மட்டும் சூடாக்குங்கள், நட்டு விரிந்தால்தான் பிடி விடும். ஒரே திசையில் முறுக்காமல் கால் சுற்று அப்படி, கால் சுற்று இப்படி. தண்டின் மரை கரைந்திருந்தால் அதைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். லேத்தில் புதிதாக வெட்டிவிடலாம்.

இனி ஆர்ம். பின்களைத் தட்டி எடுத்து வெர்னியரில் இரண்டு இடத்தில் அளவு பாருங்கள்: தேயாத நுனியிலும், ஆர்ம் உட்காரும் இடத்திலும். 0.2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பின் மாற்ற வேண்டியதுதான். பெரும்பாலான பழைய சீட்டுகளில் ஆர்ம் வெறும் 5, 6 மி.மீ. பட்டை. பின் அந்தக் கனத்தில் மட்டும்தான் தாங்குகிறது, துளை முட்டையாவதில் ஆச்சரியமே இல்லை. துளையை நிரப்பி வெல்டிங் அடித்து மறுபடி அதே அளவில் துளை போட்டால் மறுபடி அதே கதி. தேய்ந்த துளையைப் பெரிதாக்கி, 20 முதல் 25 மி.மீ. நீளமுள்ள ஸ்டீல் குழல் புஷ்ஷை வெல்டிங் செய்து சேருங்கள். பின் 16 மி.மீ. என்றால் குழலின் வெளி விட்டம் 24, உள்ளே 15.5. வெல்டிங் சூட்டில் உள்துளை சுருங்கும், கோணும். அதனால்தான் அரை மி.மீ. குறைவாக விட்டு, ஆறிய பிறகு ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) ஓட்ட வேண்டும். பின்னுக்கும் துளைக்கும் இடையே 0.05 முதல் 0.1 மி.மீ. விட்டால் போதும். நீளமான புஷ் பக்கத்துத் தகட்டில் இடிக்காமல் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியம் மைய தூரம். நான்கு ஆர்மிலும் துளையிலிருந்து துளைக்கு உள்ள தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். 0.2 மி.மீ. தாண்டி வேறுபட்டால் சீட்டு பாதி வழியில் இறுகும், அல்லது ஏறும்போது முறுகும். ஜோடி ஆர்ம்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து கிளாம்ப் போட்டு, ஒரே மூச்சில் துளை போடுங்கள். புஷ்களை ஒட்டும்போது இரண்டு ஆர்ம் வழியாகவும் நீளமான ஒரே பிரைட் கம்பியை (மழமழப்பான, அளவு பிசகாத கம்பி) செருகி வைத்து, எதிரெதிர்ப் பக்கமாக நான்கு டேக் (சின்னப் புள்ளி வெல்டிங்) அடித்து, கம்பி கையால் சுழல்கிறதா என்று பார்த்த பிறகு முழு வெல்டிங்.

பக்கவாட்டு ஆட்டத்துக்கு இரண்டு காரணம். ஒன்று துளைத் தேய்மானம்: இடது வலது ஆர்ம்களுக்கு இடையே 200 மி.மீ. இருந்தால், ஒரு துளையில் 1 மி.மீ. தேய்ந்தது 500 மி.மீ. உயரத்தில் 2.5 மி.மீ. ஆட்டமாகத் தெரியும். அது மாதிரி பல துளை சேர்ந்ததுதான் உங்கள் இரண்டு விரல். இன்னொன்று, ஆர்ம் பின்னின் மேல் இடம் வலமாக நகர்வது. அதற்கு ஆர்முக்கும் தகட்டுக்கும் நடுவே வாஷர் போட்டு, 0.2, 0.3 மி.மீ. மட்டும் நகர விடுங்கள். போல்ட்டையே பின்னாகப் போடுகிறவர்கள் நட்டை இறுக்கினால் ஆர்ம் நசுங்கிப் பிடித்துக்கொள்ளும். தோள் உள்ள போல்ட் அல்லது உள்ளே ஒரு குழல் வேண்டும், இறுக்கம் அந்தக் குழலில் உட்கார வேண்டும்.

ஒவ்வொரு புஷ்ஷிலும் ஒரு கிரீஸ் நிப்பிள். எல்லாம் கூட்டிய பிறகு, ஸ்பிரிங் மாட்டாமல், சீட்டுத் தட்டை ஒற்றைக் கையால் மேலிருந்து கீழ்வரை நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்திலும் தடங்காமல் தன் எடையிலேயே கீழே போய் உட்கார வேண்டும். அதுவரை ஸ்பிரிங் பக்கம் போகாதீர்கள்.

சுருள்கணக்கு எழுதியது:

மேலே சொன்னதில் ஒரு சேர்க்கை: கிரீஸ் தவறாமல் அடிப்பவர் என்றால் ஸ்டீல் புஷ் சரி. அடிக்க மாட்டார்கள் என்று தெரிந்தால் வெளிக் குழலை ஸ்டீலில் வைத்து உள்ளே வெண்கலப் புஷ் இறுக்குங்கள். நைலான் புஷ் சத்தமில்லாமல் ஓடும், ஆனால் நுண்மணல் ஏறினால் அது மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு பின்னைத் தேய்க்கும். புழுதி உழவுக்கு வேண்டாம்.

ஸ்பிரிங் பற்றிச் சொல்ல எனக்கு அளவுகள் வேண்டும். வாய்மொழியாக "கொஞ்சம் தடிமனா போடுங்க" என்று சொல்லிச் செய்தால் கெட்டுவிடும், ஏனென்றால் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 8 மி.மீ. கம்பிக்குப் பதில் 8.5 போட்டால் 27 சதவீதம் விறைப்பு கூடிவிடும். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

இவற்றை அளந்து போடுங்கள்:

சீட்டு மேல் முனையிலிருந்து கீழ் முனைக்கு எவ்வளவு மி.மீ. நகர்கிறது. மேலே இருக்கும்போதும் கீழே இருக்கும்போதும் ஸ்பிரிங் மாட்டும் இரண்டு முனைகளுக்கு இடையே எவ்வளவு. அதே மாதிரி ஷாக் பிராக்கெட் துளைகளுக்கு இடையே எவ்வளவு. ஒரிஜினல் ஸ்பிரிங்கின் கம்பி விட்டம், வெளி விட்டம், சுருள் எண்ணிக்கை. அந்நிய ஸ்பிரிங்குக்கும் அதே மூன்று, கண்ணியோடு சேர்த்து மொத்த நீளம். ஆர்ம்களுக்கு மேலே இருக்கும் பாகங்களின் எடை.

நாலுகொழு எழுதியது:

அளந்தேன்.

சீட்டு ஓட்டம் 100 மி.மீ. ஸ்பிரிங் முனைகளுக்கு இடையே மேலே 190, கீழே 240. ஷாக் துளைகள் மேலே 265, கீழே 215. வலது (ஒரிஜினல்) ஸ்பிரிங்: கம்பி 7, வெளி விட்டம் 47, சுருள் பதினெட்டரை. இடது: கம்பி 8, வெளி விட்டம் 48, சுருள் 15, கண்ணியோடு நீளம் 215. தட்டு, குஷன், சாய்வு எல்லாம் சேர்த்து 12 கிலோ. ஓட்டுபவர்கள் இருவர், ஒருவர் 60 கிலோ, ஒருவர் 80.

சுருள்கணக்கு எழுதியது:

அருமை, இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

சூத்திரம்: கம்பி விட்டத்தை நான்கு முறை பெருக்கி, அதை 1000 ஆல் பெருக்குங்கள். சுருளின் சராசரி விட்டத்தை (வெளி விட்டத்தில் ஒரு கம்பி விட்டம் கழித்தது) மூன்று முறை பெருக்கி, சுருள் எண்ணிக்கையாலும் பெருக்கி, அதால் வகுத்தால், ஒரு மி.மீ. இழுக்க எத்தனை கிலோ என்று வரும். ஸ்பிரிங் ஸ்டீலுக்கு இது சரியாக இருக்கும்.

ஒரிஜினல்: 7×7×7×7×1000 ÷ (40×40×40×18.5) = 2.03 கிலோ.
அந்நியம்: 8×8×8×8×1000 ÷ (40×40×40×15) = 4.27 கிலோ. இரண்டு மடங்குக்கும் மேல்.

அதோடு இடது ஸ்பிரிங் 215 நீளம், மேலே இடைவெளியோ 190. அதாவது 25 மி.மீ. தொய்வு. சீட்டு 100 நகரும்போது ஸ்பிரிங் 50 தான் நகர்கிறது, ஆகவே 25 தொய்வு என்றால் சீட்டு 50 மி.மீ. இறங்கும்வரை இடது ஸ்பிரிங் சும்மா தொங்குகிறது. மேல் பாதியில் வலது ஸ்பிரிங் மட்டும் சுமக்கிறது: சீட்டு இடப்பக்கம் சாய்வது அதனால். அதன் பிறகு இடது சட்டென்று பிடிக்கிறது, மொத்த விறைப்பு ஒரே நொடியில் 2.03 லிருந்து 6.3 ஆகத் தாவுகிறது. முதலில் வலம் மட்டும் இழுக்க, பிறகு இடம் வெட்டி இழுக்க, தட்டு ஒவ்வொரு குழியிலும் முறுகுகிறது. உங்கள் இடது கீழ்த் துளை முட்டையானதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. புஷ் மட்டும் மாற்றிவிட்டு இந்த ஸ்பிரிங்கை விட்டுவைத்தால் புது புஷ்ஷும் போகும்.

ஒரிஜினல் வடிவமைப்பு சரியானதா என்று பார்ப்போம். இரண்டு ஸ்பிரிங் சேர்ந்து 4.06. சீட்டு நகர்வதில் பாதிதான் ஸ்பிரிங் நகர்கிறது, அதனால் சீட்டில் உணரும் விறைப்பு பாதியின் பாதி, கால் பங்கு: மி.மீ.க்கு 1 கிலோ. உட்கார்ந்தவர் எடையில் முக்கால் பங்குதான் சீட்டில் விழும், மீதி கால் வழியாகத் தரைத்தட்டுக்குப் போகிறது. 80 கிலோ ஆளுக்கு 60, மேல்பாகம் 12, மொத்தம் 72 கிலோ. 72 கிலோவுக்கு 72 மி.மீ. இறக்கம். இந்த இறக்கத்துக்கு சீட்டின் இயல்பான ஆட்டம் விநாடிக்கு சுமார் 1.9 முறை. அதன் 1.4 மடங்குக்கு மேல், அதாவது 2.6 க்கு மேல் வரும் அதிர்வுகளைத்தான் சீட்டு குறைக்கும். மனித முதுகெலும்பு விநாடிக்கு 4 முதல் 6 முறை வரும் அதிர்வுக்கு மிகவும் துடிக்கும். அந்த வரம்பை இந்தச் சீட்டு நன்றாகவே தடுக்கும். ஆகவே ஒரிஜினல் அளவையே மாற்றாமல் ஜோடியாக இரண்டும் புதிதாகச் செய்யுங்கள்: கம்பி 7, வெளி விட்டம் 47, சுருள் பதினெட்டரை. ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது தளர்ந்த அளவுக்கு மறுபடி சாய்வு வரும்.

விறைப்பைக் கூட்டச் சொல்லும் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். அடியில் மோதுவதைப் பார்த்து "தடித்த ஸ்பிரிங் வேண்டும்" என்று தோன்றும். இரண்டு மடங்கு விறைப்பாக்கினால் ஆட்டம் 2.6 க்குப் போய்விடும். டயரின் மேல் டிராக்டரே ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் குதிக்கிறது, இரண்டும் சேர்ந்தால் சீட்டு குலுக்கலைக் குறைக்காது, கூட்டிக் கொடுக்கும்.

குமிழின் வேலை விறைப்பை மாற்றுவதல்ல, ஆள் உட்கார்ந்ததும் சீட்டை ஓட்டத்தின் நடுவில் நிறுத்துவது. உங்கள் நடு 50 மி.மீ. 80 கிலோ ஆளுக்கு 72 இறக்கம் வேண்டும், 50 தான் இறங்க அனுமதி. மீதி 22 ஐ முன்கூட்டியே இழுத்து வைக்க வேண்டும், ஸ்பிரிங்கில் அது 11 மி.மீ. 60 கிலோ ஆளுக்கு 57 இறக்கம், மீதி 7, ஸ்பிரிங்கில் மூன்றரை. ஆக இரண்டு பேருக்கும் இடையே குமிழ் ஸ்பிரிங்கை ஏழரை மி.மீ. நகர்த்தினால் போதும். புது இழுவை ஸ்பிரிங் சுருள் ஒட்டிச் சுற்றப்பட்டிருந்தால் விரியவே கொஞ்சம் பலம் கேட்கும், அதனால் கடைசி அளவை ஆளை உட்கார வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். பேஸ் தகட்டின் பக்கத்தில் நடு உயரத்துக்கு ஒரு பெயின்ட் கோடு போட்டுவிட்டால் யார் ஏறினாலும் அதைப் பார்த்துத் திருகிக்கொள்ளலாம்.

ஷாக்: துளைகள் 215 முதல் 265 வரை நகர்கின்றன. முழுதாக மூடிய நீளம் 205 க்கு மிகாமலும், முழுதாக விரிந்த நீளம் 275 க்குக் குறையாமலும் இருக்கும் ஒன்றைத் தேடுங்கள். இரண்டு முனையிலும் 10 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷாக்கே தடுப்புக்கட்டையாகி அதன் தண்டு வளையும். மோட்டார் சைக்கிள் ஷாக் பெரும்பாலும் இந்த இடத்துக்கு நீளம், அதைச் சுற்றியுள்ள ஸ்பிரிங்கைக் கழற்றினாலும் நுழையாது. சாய்வாகப் படுக்க வைத்தால் பல ஷாக்குகள் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சி, பாதி ஓட்டம் வெறுமையாகப் போகும். படுத்த நிலையில் வேலை செய்யும் என்று குறிப்பிட்டதைத்தான் வாங்க வேண்டும். ஸ்டியரிங் டேம்பர்கள் (ஸ்டியரிங் உதறலைத் தணிக்கும் ஷாக்குகள்) அப்படிப்பட்டவை.

எதிர்ப்பு போதுமா என்று பார்க்க: ஷாக்கை மூடி மேல் கண்ணில் தொங்கவிட்டு, கீழ்க் கண்ணில் 10 கிலோ கட்டுங்கள். 60 மி.மீ. இறங்க ஒரு விநாடிக்குச் சற்று மேல் பிடித்தால் உங்கள் சீட்டுக்கு நெருக்கம். டபக்கென்று விழுந்தால் பலமில்லை, நான்கைந்து விநாடி இழுத்தால் அதிக இறுக்கம்: சீட்டு விறைத்து, சின்னக் கல்லையும் நேராக முதுகுக்கு அனுப்பும். மாட்டிய பிறகு ஆள் உட்கார்ந்த நிலையில் கீழே அழுத்தி விட்டால், மேலே போய் ஒருமுறை தாண்டி, திரும்பி, அநேகமாக அங்கேயே நிற்க வேண்டும்.

மேட்டுக்காடு எழுதியது:

இவ்வளவும் செய்வதற்குப் பதில் ஆர்மை வெல்டிங் அடித்து நிறுத்திவிட்டு, மேலே ஆறு அங்குல ஸ்பாஞ்சு போட்டு உட்கார்ந்தால் என்ன? பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

தையல்மேசை எழுதியது:

செய்யாதீங்க. ஆறு அங்குல மெத்து ஸ்பாஞ்சு ஆள் எடைக்கு இரண்டு அங்குலத்துக்கு நசுங்கிடும், அதுக்கு மேல கட்டி. அதோட ஸ்பாஞ்சுல உட்கார்ந்த உடம்பு விநாடிக்கு நாலு தடவைக்குப் பக்கத்துல துள்ளும். மேல சுருள்கணக்கு சொன்ன முதுகெலும்பு வரம்பு அதேதான். உட்காரும் உயரமும் ஏறிப்போய் கிளட்ச்சை முழுசா மிதிக்கக் கால் எட்டாது. குலுக்கலைத் தடுக்கறது கீழ இருக்கற ஸ்பிரிங்கோட வேலை. குஷனோட வேலை எடையைப் பரப்பறதும் ஆளை வழுக்காம பிடிக்கறதும்தான்.

குஷன் அமைப்பு: அடியில 50 மி.மீ. ரீபாண்டட் ஃபோம் (துண்டு ஃபோமை ஒட்டி அழுத்திச் செஞ்சது), கன மீட்டருக்கு 80 முதல் 100 கிலோ அடர்த்தி. அதுக்கு மேல 30 மி.மீ. நல்ல மீள்தன்மை உள்ள ஃபோம், 40 முதல் 50 அடர்த்தி. கட்டைவிரலால அமுக்கினா மேல் அடுக்கு இணங்கணும், முழங்கையை ஊனினா தகடு தட்டக் கூடாது. முன் விளிம்பைக் கத்தியால சரிச்சு வெட்டி உருட்டி விடுங்க, தொடைக்கு அடியில கூர் விளிம்பு நின்னா கால் மரத்துப்போகும். இரண்டு அடுக்கையும் பசை வைத்து ஒட்டும்போது விளிம்புல நாலு விரல் அகலத்துக்கு மட்டும் தடவுங்க, முழுக்கத் தடவினா நடுவுல பசை காய்ஞ்சு தகடு மாதிரி ஆகிடும்.

தட்டு அழுகறது தண்ணியாலதான். மழைத்தண்ணி தையல் ஓட்டை வழியா இறங்கி ஸ்பாஞ்சுல தங்கும், வெளிய காய்ஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் தட்டு உள்ளுக்குள்ள நனைஞ்சே கிடக்கும். தட்டோட தாழ்வான இடத்துல 10 மி.மீ. துளை மூணு நாலு போடுங்க. துருவைச் சுரண்டி, பிரைமர் அடிச்சு, பெயின்ட் ரெண்டு கோட்டு. ரெக்சினுக்கும் ஃபோமுக்கும் நடுவுல மெல்லிய பாலிதீன் தாள். தையலை உட்காரற பரப்புல கொண்டு வராதீங்க, பக்கவாட்டுச் சரிவுக்குக் கொண்டு போங்க. நூல் பாலியஸ்டர்தான், பருத்தி நூல் சீக்கிரமே மக்கிடும். துணி அடித்தளம் உள்ள கனமான ரெக்சினா பாருங்க. வெயிலுக்குக் கறுப்பைவிடச் சாம்பல் நிறம் குறைவாச் சூடாகும்.

ரெக்சினை இழுத்து மாட்டும்போது முதல்ல முன்பக்க நடு, அடுத்து பின்பக்க நடு, அப்புறம் ரெண்டு பக்க நடு, கடைசியாத்தான் மூலைகள். மூலையில ஆரம்பிச்சா சுருக்கம் நடுவுக்கு ஓடும், அதை எப்படி இழுத்தாலும் போகாது. குளிர்ல விறைச்சிருந்தா வெயில்ல கொஞ்ச நேரம் போட்டுட்டு இழுங்க.

ஒரு விஷயம். பழைய குஷன் நசுங்கின உயரத்தை அளந்து வச்சிருந்தா அதையே நம்பாதீங்க. மாவா உதிர்ந்த ஸ்பாஞ்சு அளவு அது. ஆளை உட்கார வச்சு, கிளட்ச் முழுசா அமுங்கின நிலையில முட்டி லேசா மடங்கியிருக்கான்னு பார்த்துட்டு ரெக்சினை மூடுங்க.

பட்டறைக்கை எழுதியது:

விட்டுப்போனவை சில.

தடுப்பு ரப்பர்: இரும்போடு இரும்பு மோதுகிறது என்றால் கீழ் ரப்பர் விழுந்துவிட்டது. 25 முதல் 30 மி.மீ. உயரமுள்ள கூம்பு வடிவ ரப்பர் இரண்டு, இடம் வலமாகச் சம உயரத்தில். கூம்பு என்பதால் முதலில் மெதுவாக அமுங்கி, பிறகு இறுகும். தட்டையான கட்டி ரப்பர் இரும்பை விடக் கொஞ்சம்தான் மேல். மேல் முனைக்கும் ஒன்று வேண்டும், இதை எல்லோரும் மறக்கிறார்கள். ஆள் இறங்கும்போதெல்லாம் சீட்டு மேலே போய் அடிக்கும் அடிதான் மேல் ஆர்ம் பிராக்கெட்டில் விரிசல் விடக் காரணம். ரப்பர் போட்டால் ஓட்டம் சற்றுக் குறையும், நடு உயரக் கோட்டை ரப்பர் போட்ட பிறகு குறியுங்கள்.

விரிசல்: பெயின்டைச் சுரண்டிவிட்டு பேஸில் ஆர்ம் பிராக்கெட் ஒட்டிய இடத்தையும், தட்டில் போல்ட் துளைகளைச் சுற்றியும் பாருங்கள். விரிசல் இருந்தால் அதன் நுனியில் 3 மி.மீ. துளை போட்டு ஓட்டத்தை நிறுத்தி, கிரைண்டரால் பள்ளம் எடுத்து, பிறகு வெல்டிங். மேலே ஒட்டுத் தகடு போடுவதானால் மூலைகளை உருட்டிவிடுங்கள், கூர் மூலையிலிருந்து அடுத்த விரிசல் கிளம்பும்.

ஷாக் கண்ணில் ரப்பர் புஷ் இருந்தால் அதன் போல்ட்டை சீட்டு நடு உயரத்தில் இருக்கும்போது இறுக்குங்கள். மேலே நிற்கும்போது இறுக்கினால், ஆள் உட்கார்ந்த நேரமெல்லாம் ரப்பர் முறுகியே இருந்து கிழிந்துவிடும். மாட்டும் முன் ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுதாக இழுத்து அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். ஷாக்கின் மேல் வெல்டிங்கோ சூடோ கூடவே கூடாது, அது மூடிய குழல், உள்ளே எண்ணெய். வெடிக்கும்.

பேஸ் போல்ட்: பல டிராக்டர்களில் சீட்டு ஹைட்ராலிக் லிஃப்ட் மூடியின் மேல்தான் உட்கார்கிறது. பழைய போல்ட்டின் நீளத்தை விட ஒரு மரை கூட நீளமாகப் போடாதீர்கள், உள்ளே போய் இடிக்கும். துளை உள்ளே வரை திறந்திருந்தால் எண்ணெய் கசியும், மரைக்குச் சீலன்ட் தடவுங்கள். வார்ப்பு இரும்பில் மரை போயிருந்தால் பெரிய போல்ட்டுக்கு மரை வெட்டுவதைவிட சுருள் மரை உறை போடுவது நல்லது. 8.8 தர எம்12 போல்ட்டை 80 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கலாம், ஆனால் வார்ப்பு மரை பழையது என்றால் அந்த டிராக்டரின் கையேட்டில் சொன்ன அளவுக்கு மேல் போகாதீர்கள்.

டிராக்டரில் கவிழ்வுத் தடுப்புச் சட்டம் இருக்கிறதா? இருந்தால் சீட்டு பெல்ட் வேண்டும். பெல்ட்டை பேஸில் மாட்டினால் அந்த பேஸும் அதன் போல்ட்களும் கவிழும்போது வரும் இழுப்பைத் தாங்க வேண்டும், நீங்கள் ஒட்டிய தகட்டை நம்பி மாட்ட வேண்டாம். டிராக்டர் உடலில் தயாரிப்பாளர் கொடுத்த இடத்தில் மாட்டுங்கள். சட்டம் இல்லாத டிராக்டரில் பெல்ட் கட்டவே கூடாது, கவிழ்ந்தால் ஆள் அடியில் மாட்டிக்கொள்வார்.

நாலுகொழு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஸ்பிரிங் கொக்கி இதற்கு முன் உடைந்த இடம் வளைவின் கழுத்து. புதிதிலும் அங்கேயே உடையாமல் என்ன செய்வது? அடுத்து, புஷ் எல்லாம் முடித்த பிறகும் சீட்டு முன்னும் பின்னும் லேசாக நகர்ந்தால் அதற்கு எதைப் பார்க்க வேண்டும்?

சுருள்கணக்கு எழுதியது:

கொக்கியின் கழுத்தை 90 பாகையில் வெடுக்கென்று மடக்கினால் அங்கே உடையும். கழுத்து வளைவின் உள் ஆரம் குறைந்தது கம்பி விட்ட அளவாவது, 7 மி.மீ., இருக்கும்படி சுற்றச் சொல்லுங்கள். வளைக்கும்போது இடுக்கி பட்ட பல்தடம் இருந்தால் அந்த ஸ்பிரிங்கை வாங்காதீர்கள், உடைசல் அந்தத் தடத்தில்தான் தொடங்கும். சுற்றி முடித்ததும் தணிப்புச் சூடு (சுற்றியபோது கம்பியில் தங்கிய இறுக்கத்தைப் போக்கும் மிதமான சூடு) கொடுத்தார்களா என்று கேளுங்கள். கொடுக்காத ஸ்பிரிங் கொஞ்ச நாளில் நீண்டு தொய்யும். கொக்கி உட்காரும் பின் தேய்ந்து பள்ளமாகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். கொக்கிக்குள் பின் ஒரே புள்ளியில் தொடாமல், கொக்கியின் வளைவுக்கு இணையாக உட்கார வேண்டும். துருவுக்குச் சாதாரண பெயின்ட் போதும். துத்தநாக முலாம் பூசச் சொன்னால், பூசிய பிறகு சூட்டில் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் நன்றாக இருக்கும் கம்பி திடீரென முறியும். அது தெரியாத இடத்தில் முலாம் வேண்டாம்.

பட்டறைக்கை எழுதியது:

முன்னும் பின்னும் நகர்வது ஆர்மில் இருந்து வராது, சீட்டு நகர்த்தும் தண்டவாளத்தில் பூட்டுப் பல் தேய்ந்திருக்கும். லீவரை விட்ட பிறகு பல் முழு ஆழத்துக்கு உள்ளே போகிறதா என்று கண்ணால் பாருங்கள். பெரும்பாலும் சேறு காய்ந்து பல் பாதியில் நிற்கும். சுரண்டிக் கழுவி, பூட்டை இழுத்துப் பிடிக்கும் சின்ன ஸ்பிரிங்கை மாற்றினாலே சரியாகும். பல் உருண்டுபோயிருந்தால் அரத்தால் சதுரமாக்கலாம், ஆனால் இரண்டு பக்கத் தண்டவாளமும் ஒரே நேரத்தில் பூட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் சீட்டு கோணலாக நகர்ந்து மறுபக்கத்தை அறுக்கும். தண்டவாளத்தில் கிரீஸ் வைக்காதீர்கள், புழுதி ஒட்டும். கிராஃபைட் தூள் போதும்.